கையால் செய்ததைக் கணினி என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கார்ப்ஸ் பிரைட்’ படம் வந்து 20 ஆண்டுகள் ஆனதையொட்டி ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே, “டிம் பர்ட்டன் கணினியில் உருவாக்கிய பேய்க் கார்ட்டூன்” என்று ஒரு வரி. அன்று முழுக்க மனசே சரியில்லை.

பொம்மைகளைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் படம்பிடித்துச் சேர்த்த படம் அது. தங்களுக்குத் தெரியாததல்ல. நொடிக்கு 24 பிரேம். 77 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. இங்கிலாந்தின் மெக்கினன் அண்ட் சாண்டர்ஸ் பட்டறையில் செய்த அந்தப் பொம்மைகளின் தலைக்குள் பொடிப்பொடியாகப் பல்சக்கரங்கள். காது வழியாகச் சாவியை விட்டுத் திருகினால் உதட்டோரம் மெல்ல மேலே ஏறும். கதையில் வரும் இறந்துபோன மணப்பெண் எமிலி சிரிப்பது அப்படித்தான். கிழக்கு லண்டனில் த்ரீ மில்ஸ் ஸ்டூடியோவில் டிஜிட்டல் ஸ்டில் கேமராவை வைத்து எடுத்தார்கள். அந்த ‘டிஜிட்டல்’ என்ற சொல்தான் கட்டுரையாளரைக் குழப்பிவிட்டதோ என்னவோ. கணினி அங்கங்கே உதவியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக, புடவை நெய்தவரை விட்டுவிட்டு இஸ்திரி போட்டவரைப் பாராட்டலாமா?

இந்த வேலை எவ்வளவு கடினம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். படத்தைப் பார்த்த ஜோரில் நானும் என் தங்கை மகளும் சாப்பாட்டு மேசையில் ஒரு களிமண் பொம்மையை நடக்க வைக்கப் பார்த்தோம். நொடிக்கு 12 என்று வைத்தாலே பத்து நொடிக்கு 120 படம். காற்றுக்குப் பொம்மை ஆடுகிறது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய எடுத்தோம். தொண்ணூறாவது படத்தில் கரண்ட் போனது. இருட்டில் தடுமாறி யாரோ மேசையை இடித்துவிட்டோம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

‘பேய்’ என்ற சொல்தான் இன்னும் வலித்தது. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது தங்கை மகளுக்கு ஒன்பது வயது. என் தங்கை இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உயிரோடு இருப்பவர்களின் ஊர் சாம்பல் பூத்துக் கிடக்க, இறந்தவர்களின் ஊரில் அத்தனை நிறமும் பாட்டும். இறந்தவர்கள் உயிரோடு இருப்பவர்களின் ஊருக்கு மேலே ஏறி வரும்போது ஊரே அலறி ஓடுகிறது. ஒரு சின்னப் பையன் மட்டும் ஒரு எலும்புக்கூட்டைப் பார்த்து, “தாத்தா?” என்கிறான். பிள்ளை பயந்துவிடுமோ என்று நான் ரிமோட்டைத் தேடினேன். அவளோ, “மாமா, அந்தத் தாத்தா வர்ற இடத்தை இன்னொரு தடவை போடுங்க” என்றாள். அன்று ராத்திரி மூன்று முறை போட்டேன். அம்மா போனதிலிருந்து தனியாகப் படுக்காத பிள்ளை, அன்றைக்குத் தனியாகப் படுத்துத் தூங்கினாள்.

சொல்ல வந்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்துக்கு இயக்குநர்கள் இரண்டு பேர். மைக் ஜான்சன் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை. ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ பற்றி எழுதியபோதும் இதேதான் நடந்தது. 1993இல் அதை இயக்கியவர் ஹென்றி செலிக்; நீங்கள் பர்ட்டன் என்றே போட்டீர்கள். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. ஆஸ்கரில் இந்தப் படம் தோற்றது என்று ஒரு வரி எழுதத் தெரிந்தவருக்கு, ஜெயித்த ‘வாலஸ் அண்ட் க்ரோமிட்’டும் கையால் நகர்த்தி எடுத்த பொம்மைப் படம்தான் என்று சேர்த்து எழுத இடமில்லாமல் போயிற்றா? அப்புறம், கடைசிக் காட்சியை முழுதாக விவரித்திருக்கிறார். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள் ஐயா.

இருபத்தாறு வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம். அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில், ‘பொம்மைகளைக் கையால் நகர்த்தி எடுத்த படம், இயக்கம் டிம் பர்ட்டன், மைக் ஜான்சன்’ என்று போடுங்கள். முடிந்தால் அந்தப் ‘பேய்’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சி.