சுவருக்குள் இருக்கும் வயரைக் கைவிடாதீர்கள்: பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய லேண்ட்லைனை நிறுத்திவிட்டு, ரூட்டரின் பின்னால் இருக்கும் போன் போர்ட் வழியாகக் குரல் சேவை தருகிறீர்கள். அதில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் நிறுவ வருகிறவர் ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு போனைச் சொருகுகிறார், டயல் டோன் கேட்டதும் கிளம்பிவிடுகிறார். மாடியிலும் படுக்கையறையிலும் இருக்கும் சாக்கெட்டுகள் அன்றோடு ஊமை. "இனிமேல் அதெல்லாம் வேலை செய்யாது" என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறார்களே, அது தவறு. பதினைந்து நிமிட வேலையில் எல்லாவற்றையும் பேச வைக்கலாம்.

முதல் வேலை, வெளி லைனைப் பிரிப்பது. இதைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் செய்தால் ரூட்டர் பழுதாகலாம். வெளிக் கம்பி வீட்டுக்குள் நுழையும் பெட்டியைத் திறந்து, வந்து சேரும் கம்பி ஜோடியின் குறுக்கே மல்டிமீட்டரை வையுங்கள். 48 வோல்ட் டிசி அளவில் காட்டினால் எக்ஸ்சேஞ்ச் இன்னும் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரூட்டரின் போர்ட்டும் ஏறக்குறைய அதே வோல்ட்டைத் தருவதால், இரண்டும் ஒரே ஜோடியில் மோதும். அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் 75 முதல் 90 வோல்ட் ஏசி ரிங் நேராகப் போர்ட்டில் இறங்கும்.

மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் கழற்றத்தான் வேண்டும். நாளைக்கு யாராவது அந்த ஜோடியில் மறுபடி லைன் கொடுக்கலாம். தெருவிலிருந்து வரும் நீளமான செம்பு, இடி நேரத்து மின்னலையும் கூட்டிவரும். இரண்டு கம்பிகளையும் கழற்றி, ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக மூடுங்கள். சேர்த்து முறுக்கி ஒரே டேப்பில் சுற்றுவதை நிறைய இடத்தில் பார்க்கிறோம். அது லைனையே ஷார்ட் செய்வது.

பிராட்பேண்டே அந்தச் செம்பு ஜோடியில்தான் வருகிறதென்றால் கதை வேறு. அப்போது வெளி ஜோடி மோடத்துக்கு மட்டும் போக வேண்டும், வேறெந்த சாக்கெட்டையும் தொடக்கூடாது. குரலை மோடம் இருக்கும் இடத்திலிருந்து பெட்டிக்குத் திருப்பிக் கொண்டுவர, அதே கேபிளில் சும்மா இருக்கும் இரண்டாவது ஜோடியைப் பயன்படுத்தலாம். ஒரே கம்பியில் வந்த போனையும் இணையத்தையும் பிரித்துக்கொடுத்த பழைய ஃபில்டர்களுக்கு இனி வேலையில்லை, கழற்றிவிடுங்கள்.

பிரித்த பிறகு இணைப்பது எளிது. இரு முனையிலும் ஆர்ஜே11 பிளக் உள்ள சின்ன கார்டை ரூட்டரின் போன் போர்ட்டில் ஒரு முனையும் பக்கத்துச் சுவர் சாக்கெட்டில் மறுமுனையுமாகச் சொருகினால் போதும். சாக்கெட் வேறு வகையென்றால் அதற்கேற்ற பிளக் வேண்டும். நடு இரண்டு பின்கள்தான் லைன். அந்த இடத்திலேயே போனும் வேண்டுமென்றால் இரட்டைச் சாக்கெட் போடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனிக் கேபிள் போயிருந்தால், எல்லா ஜோடிகளும் பெட்டியில் ஒன்றுசேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு அறை மட்டும் செத்திருந்தால் காரணம் பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான். கம்பியில் கை வைக்கும் முன் ரூட்டர் முனையைக் கழற்றிவிடுங்கள். ரிங் வரும் நேரத்தில் தொட்டால் சுளீரென்று இழுக்கும்.

தூரத்தைப் பற்றிய பயம் வீண். 0.5 மி.மீ. கம்பியில் 100 மீட்டர் போய் வந்தாலும் தடை 18 ஓம் அளவுதான். உண்மையான வரம்பு மணியில் இருக்கிறது. போனின் அடியில் ரென் (REN) என்று ஒரு எண் அச்சாகியிருக்கும்; மணி அடிக்கும்போது அந்தப் போன் லைனில் ஏற்றும் சுமையின் அளவு அது. எல்லாப் போன்களின் எண்களையும் கூட்டினால் வருவது போர்ட் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மணி முனகும், அல்லது சில போன்களில் அடிக்கவே அடிக்காது. மணி வைத்த பழைய போன் ஒன்றே 1 எடுத்துக்கொள்ளும். சுழற்று டயல் போன் என்றால் மணி அடிக்கும், பேசவும் முடியும். ஆனால் டயல் சுழலும்போது அது அனுப்பும் பல்ஸ் பல போர்ட்டுகளுக்குப் புரியாததால் எண் சுற்ற முடியாது.

டோன் வராவிட்டால் சுவரை நோண்டாதீர்கள். முதலில் போனை ரூட்டரிலேயே நேராகச் சொருகுங்கள். அங்கே டோன் வந்து, வயரைச் சேர்த்ததும் அது நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட். எல்லாப் போனையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இரைச்சல் கேட்டால் ஈரம் பட்ட சாக்கெட்டையும் பச்சை பூத்த முனையையும் தேடுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. போர்ட் தாங்கும் ரென் அளவை ரூட்டரின் ஸ்டிக்கரிலேயே அச்சிடுங்கள்; இப்போது அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. மின்சாரம் போனால் ரூட்டரோடு எல்லா எக்ஸ்டென்ஷனும் நிற்கும், அவசர அழைப்பும் போகாது என்பதை நிறுவும்போதே சொல்லுங்கள்; ஃபைபர் என்றால் பேட்டரி, ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்தே தேவை. மூன்றாவதாக, வெளி லைனைப் பிரித்த பெட்டிக்குள் இப்படி ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்:

"இந்த வயரிங் ரூட்டரிலிருந்து இயங்குகிறது. வெளி லைனை இதில் சேர்க்காதீர்கள்."

இப்படிக்கு,
வீட்டு டெலிபோன் வயரிங் வேலை செய்பவர்கள்