“லைட் டியூட்டி” என்ற ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகு பிடித்தோ தோளில் அறுவைச் சிகிச்சை செய்தோ மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்களின் கையில் பெரும்பாலும் வைத்தியரின் ஒற்றை வரிதான் இருக்கிறது: “லைட் டியூட்டி செய்யலாம்.” ஒன்ராறியோவில் பாதித் தகராறு இந்த வரியில்தான் தொடங்குகிறது. சூப்பர்வைசருக்கு லைட் டியூட்டி என்றால் அன்றைக்கு எங்கே ஆள் குறைவோ அந்த வேலை.

நோயின் பெயரை அறிய முதலாளிக்குப் பொதுவாக உரிமை இல்லை. எத்தனை கிலோ தூக்கலாம், கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாமா, எவ்வளவு நேரம் நிற்கலாம், இந்தக் கட்டுப்பாடுகள் எந்தத் தேதிவரை என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வேலையில் பட்ட காயமென்றால் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற ஒன்ராறியோ வேலையிடக் காப்புறுதிச் சபையின் செயல்திறன் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் உண்டு. மற்ற நோய்களுக்கு இதே கேள்விகளை ஒரு தாளில் எழுதி, வேலை விபரத்தோடு வைத்தியருக்கு அனுப்பலாம். பெட்டி 12 கிலோ, மணிக்கு 40 பெட்டி, அடுக்கும் தட்டு கண் உயரத்தில் என்று தெரியாமல் அவர் வேறு என்னத்தை எழுதுவார்?

பதில் வந்ததும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தை எழுத்தில் போட வேண்டும். வைத்தியர் இடம்கொடுத்தால் முதல் இரண்டு கிழமை திங்கள், புதன், வெள்ளி, நாளுக்கு 4 மணித்தியாலம். அடுத்த இரண்டு கிழமை அதே நாட்களில் 6 மணித்தியாலம் என்று போகலாம். வலி பெரும்பாலும் அடுத்த நாள்தான் தெரியும். ஒரு நாள் இடைவெளி அதற்காகத்தான். நேரத்தையும் பாரத்தையும் ஒரே கிழமையில் கூட்டாதீர்கள், வலி எதனால் வந்ததென்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதிகம் நடக்கும் பிழை ஒன்று: நேரத்தைப் பாதியாக்கிவிட்டு, முடிக்கவேண்டிய பெட்டிக் கணக்கை முழுதாகவே விட்டுவிடுவது. இன்னொன்று, திட்டம் அலுவலகக் கோப்பில் கிடக்கும், இரவு ஷிப்ட் சூப்பர்வைசருக்கு அது தெரியாது.

“நாங்கள் சின்னக் கம்பனி” என்று சொல்லித் தப்ப முடியாது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் சிறிய முதலாளிக்கும் பொருந்தும். உடல்நிலைக்கேற்ப வேலையை மாற்றிக்கொடுப்பது தனக்கு அளவுமீறிய கஷ்டம் என்று முதலாளி காட்டுவதற்குச் செலவு, வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய நிதி, உடல்நலமும் பாதுகாப்பும் ஆகிய மூன்றைத்தான் சட்டம் பார்க்கிறது. மற்ற ஊழியர்கள் முணுமுணுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமானால் வேலைக்குத் திரும்பும் நடைமுறையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வேலையில் காயப்பட்டவர் அங்கே ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்து, நிறுவனத்தில் 20 பேராவது இருந்தால், திரும்ப வேலை கொடுக்கும் கடமையும் பொதுவாக உண்டு. திரும்பிய ஆறு மாதத்துக்குள் அவரை நிறுத்தினால் கடமையை மீறியதாகவே கொள்ளப்படும். அப்படியில்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு.

ஊழியருக்கும் கடமை உண்டு. தனக்குப் பிடித்த ஏற்பாடுதான் வேண்டும் என்று நிற்க முடியாது, நியாயமானதை ஏற்க வேண்டும் என்று 1992இல் கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்புறுதிப் பணம் வாங்குகிறவர்கள் வேலைசெய்த மணித்தியாலங்களை உடனுக்குடன் அறிவிக்க வேண்டும். பிந்தினால் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டி வரும்.

இரண்டாம் கட்டத்தில் வலி கூடினால் ஒரு கிழமை முதல் கட்டத்துக்குத் திரும்பலாம் என்பதையும் திட்டத்தில் முதலே எழுதிவிடுங்கள். அது இல்லாத இடத்தில் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஆட்கள் வலியை மறைக்கிறார்கள், பிறகு மறுபடியும் நீண்ட லீவில் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஊழியர் நலப் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
ஸ்காபரோ