தேனீ கொட்டினால் முதல் ஊசி அருகிலேயே கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் மலைத்தேனீக்கள் கட்டியிருந்த கூட்டைச் சென்ற மாதம் யாரோ தீப்பந்தம் காட்டிக் கலைத்தபோது, கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டியின் முகத்திலும் கழுத்திலும் அவை மொய்த்துக் கொட்டின. சில நிமிடங்களில் அவருக்கு உதடு தடித்து மூச்சு இரைத்தது. அருகிலிருந்த சிறு மருத்துவமனையிலோ கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி இல்லை. வேறிடம் கொண்டு சென்ற பிறகே பிழைத்தார் என்பதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டுகூட உயிருக்கு ஆபத்தாகலாம். அப்போது தொடையில் உடனே போட வேண்டியது இந்த ஊசிதான், அதுவும் விலை மலிவானது. தோலில் தங்கிவிடும் கொடுக்கு நஞ்சைத் தொடர்ந்து செலுத்துவதால், சுண்ணாம்பு தேடி நேரம் கடத்தாமல் அந்தக் கொடுக்கை நகத்தால் வழித்தெடுத்துவிட வேண்டும். நசுங்கிய தேனீயிலிருந்து எழும் வாடை மற்றவற்றையும் சீண்டும் என்பதால், அடிப்பதைவிட மூடிய அறைக்குள் ஓடுவதே பாதுகாப்பானது.

நகரின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் அட்ரினலின் எந்நேரமும் இருப்பில் இருக்கவும், கூடுகளைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே, தேனீக்களைக் கொல்லாமல் அகற்றவும் மாநகர நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், அல்சூர், பெங்களூரு