சஃபாரிக்கு நாய் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப் பிராணிகளுடன் சுற்றுலா செல்வது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடற்கரைக்கும் நீண்ட கார் பயணத்துக்கும் அதில் சொல்லப்பட்ட யோசனைகள் பயனுள்ளவையே. ஆனால் வனவிலங்கு சஃபாரியையும் அந்த வரிசையில் சேர்த்திருப்பதை, இருபது ஆண்டுகளாக நாய் வளர்த்துவரும் என்னால் ஏற்க முடியவில்லை.

சிறுத்தை நாயைத் தூக்கிவிடும் என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. அது நியாயமான அச்சம்தான். ஆனால் நம் நாயால் காட்டுக்கு நேரக்கூடிய கேடு அதைவிடப் பெரியது. 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்கள் வலிப்பு கண்டு மடிந்தன. அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்துபோனது. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ்தான் அதற்குக் காரணம் என்று கண்டறிந்த ஆய்வாளர்கள், சுற்றுப்புறக் கிராமங்களின் வளர்ப்பு நாய்களையே அதன் ஊற்றுக்கண்ணாகக் கருதினார்கள். உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ள எத்தியோப்பிய ஓநாய்களும் வளர்ப்பு நாய்களிடமிருந்து பரவிய வெறிநோய்க்குப் பலமுறை பலியாகியுள்ளன.

“என் நாய்க்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்றே” என்பார்கள். தடுப்பூசி உண்ணியையும் சொறியையும் குடற்புழுவையும் தடுப்பதில்லை. காட்டு உண்ணி நம் நாயின் காதுமடலில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்து காய்ச்சலைத் தருவதும் உண்டு.

கயிற்றில் பிடித்துக்கொண்டால் போதும் என்பதும் சரியல்ல. ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கயிற்றில் கட்டிய நாய்களை நடத்திச் சென்ற காட்டுப் பாதைகளில், யாருமே நடக்காத பாதைகளோடு ஒப்பிட, பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடு குறைந்திருந்தது. கயிற்றில் இருந்த நாய்களால் பறவைகளைத் துரத்த முடியாது. அவை அங்கே இருந்ததே பறவைகள் விலகப் போதுமானதாக இருந்தது. அப்படியிருக்க, திறந்த ஜீப்பில் உட்கார்ந்து குரைக்கும் நாயைக் கன்றோடு நிற்கும் யானை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஜீப்பில் குழந்தைகளும் இருப்பார்கள்.

பெரும்பாலான காப்பகங்கள் நாயை உள்ளே விடுவதில்லை. வாயிலில் வந்து அதை அறிந்துகொள்பவர்கள் செய்வதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. சஃபாரி முடிந்து திரும்பிய ஒரு முற்பகலில், நிறுத்துமிடத்தில் நின்ற காருக்குள் ஒரு பழுப்பு நிற நாயைப் பார்த்தேன். கண்ணாடி இரண்டு விரல்கடை மட்டும் இறங்கியிருந்தது. நாக்கு முழுவதும் வெளியே தொங்க, அந்த இடுக்கில் மூக்கை வைத்து அது மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உட்புறம் முழுக்க எச்சில் கோடுகள். நாய் மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்வதில்லை. மூச்சிரைத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் பத்து டிகிரி ஏறிவிடும் என்றால், மூன்று மணி நேரச் சஃபாரி முடியும்வரை அந்தச் சூட்டில் அது என்ன பாடுபடும்? காவலர் ஒருவர் ஓடிப்போய் உரிமையாளரைத் தேடி அழைத்துவந்ததால் அந்த நாய் பிழைத்தது.

வீட்டில் விட்டுச் செல்வது கல்நெஞ்சம் என்று தோன்றலாம். பழகிய ஒருவர் வேளை தவறாமல் சோறு வைத்து, நம் வாசனையுள்ள பழந்துணி ஒன்றைப் பாயில் போட்டுவைத்தால், அது இரண்டு நாளை நிம்மதியாகவே கழித்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

அடுத்த இதழில் இதுபற்றி ஒரு திருத்தக் குறிப்பை வெளியிட்டு, சஃபாரியை அந்தப் பட்டியலிலிருந்து நீக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்