ரீச்சருக்கு: ஆறு அங்குலத் திரைக்குள் எங்கள் புத்தகங்கள்

அன்பின் ரீச்சர்,

கனடாவில் இருந்து வரும் மகள், மின்நூல் வாசிக்கும் கருவியான மின்வாசிப்பான் ஒன்று வாங்கி வரட்டோ என்று கேட்கிறா, என்ன பதில் சொல்ல என்று கேட்டிருந்தீர்கள். வாங்கி வரச் சொல்லுங்கள். ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முதல், எதை வாசிக்கப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். ஆசையாய் வாங்கியவர்கள் இரண்டு மாதத்தில் அதை அலுமாரிக்குள் வைத்துவிடுவதற்குக் கண்ணோ வயதோ காரணமில்லை. சின்னத் திரைக்குப் பொருந்தாத கோப்பை ஏற்றுவதுதான் காரணம்.

மின்நூல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எழுத்து எழுத்தாகவே இருக்கும் கோப்பு. ஈபப் (EPUB) என்ற கோப்பு இந்த வகை. எழுத்தைப் பெருப்பித்தால் வரிகள் தாமாக மடிந்து இறங்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இப்படியான நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎப்பும் அங்கே உண்டு. சங்க இலக்கியம் வேண்டுமென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல்தொகுப்பு இருக்கிறது. மற்ற வகை, புத்தகப் பக்கத்தைப் படமாகப் பிடித்த பிடிஎப். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் உள்ள எங்கள் ஈழத்து நூல்கள், பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இடப்பெயர்வில் நீங்கள் விட்டுவிட்டு வந்த புத்தகங்களைத் தேடப்போவதும் அங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம்.

6 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் உண்மையான அகலம் 3.6 அங்குலம், உயரம் 4.8. எங்கள் நாவல்களும் கவிதைத் தொகுதிகளும் வழக்கமாக 5.5க்கு 8.5 அங்குலத்தில் வரும். அந்தப் பக்கத்தை முழுதாகத் திரைக்குள் இறக்கினால் 56 வீதமாகச் சுருங்கும். 11 புள்ளி (பொயின்ற்) அளவு எழுத்து 6 புள்ளியாகிவிடும். ணகரமா னகரமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டி வரும். வாசிப்பானைக் கிடையாகத் திருப்பி, பக்கத்தின் ஓரத்து வெள்ளையையும் வெட்டிவிட்டால் நிலைமை வேறு. அச்சுப் பரப்பின் அகலம் ஏறக்குறைய 4.2 அங்குலம்தான். கிடையாகப் பிடித்த திரையோ 4.8. இப்போது எழுத்து, அச்சில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்தை மூன்று துண்டாகப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஓரம் வெட்டும் வேலையை கேடூபிடிஎப்ஆப்ட் (k2pdfopt) என்ற இலவச மென்பொருள் கணினியில் செய்து தரும். சொற்களைத் தனித்தனிப் படங்களாக வெட்டிச் சின்னத் திரைக்கேற்ப மறுபடி அடுக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் நெருக்கி அச்சடித்த பழைய நூல்களில், மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் புள்ளியில் முட்டிக்கொண்டிருந்தால் வரி பிரிக்க முடியாமல் குழம்பிவிடும். பத்துப் பக்கத்தில் பரீட்சித்துப் பார்த்த பிறகு முழு நூலையும் கொடுங்கள்.

10 அங்குல வாசிப்பானில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, பக்கம் ஏறக்குறைய முழு அளவில் நிற்கும். ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல், படுத்திருந்து ஒரு கையால் பிடிக்கவும் பாரம். உங்களுக்கு நான் சொல்வது 2024இல் வந்த, அமேசானின் 7 அங்குல வாசிப்பானான கிண்டில் பேப்பர்வைட்: 211 கிராம், தண்ணீர் பட்டாலும் தாங்கும்.

போனிலேயே வாசிக்கலாமே என்று மகள் கேட்டால், மத்தியானத்தில் வேப்பமர நிழலில் இருந்து போனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாசிப்பானில் இருப்பது மின்மை (ஈ-இங்க்) திரை; அதில் நுண்ணிய கறுப்பு வெள்ளைத் துகள்கள் இடம் மாறித்தான் எழுத்து உருவாகிறது. கடதாசியைப் போல வெளி வெளிச்சத்தில் தெரியும், வெயில் கூடக்கூட இன்னும் தெளிவாகும். பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின் வேண்டும் என்பதால் ஒரு சார்ஜ் கிழமைக் கணக்கில் நிற்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் வாசிப்பு நிற்காது. முந்திய பக்கத்தின் நிழல் இலேசாகத் தெரிந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். அமைப்புகளில் பக்கப் புதுப்பிப்பை இயக்கிவிடுங்கள்.

இனி, எங்கள் ஆட்கள் அதிகம் இடறி விழும் இடம்: பாமினி. ஊர் மலர், கோயில் மலர், நினைவு மலர் எல்லாவற்றையும் இங்கே நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்பை அப்படியே ஈபப்பாக்கினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வரும். கோப்பு பழுதாகவில்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திச் செய்த எழுத்துரு அது, வாசிப்பானுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. பாமினியில் இருந்து, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் முதலில் கொடுத்து, எண்களையும் நிறுத்தற்குறிகளையும் கண்ணால் சரிபார்த்து, பிறகுதான் மின்நூலாக்க வேண்டும்.

மின்நூலாக்குவதற்குக் காலிபர் (Calibre) என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம். நூலின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். கணினியில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை நிறுவி, மாற்றும்போது அதை நூலுக்குள் பதியுங்கள். கிண்டிலில் திறந்ததும் பதிப்பாளர் எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். ஈபப்பை வயர் வழியாக நேரே போட்டால் கிண்டில் திறக்காது. காலிபரில் கிண்டிலுக்கான ஏஇசட்டபிள்யூ3 (AZW3) கோப்பாக மாற்றிப் போடுங்கள், அல்லது அமேசானின் செண்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தில் ஏற்றி வைஃபையில் இறக்குங்கள். முதலில் 'கொக்கு', 'போர்', 'கௌதாரி' என்று மூன்று சொல்லைத் தேடிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுந்தோ புள்ளி வட்டத்தோடோ நின்றால் எழுத்துரு சரியாகப் பதியவில்லை. வரிகளை இரு பக்கமும் சமப்படுத்தாமல் இடப்பக்கமாக விடுங்கள். தமிழ்ச் சொல் நீளம். எழுத்தைப் பெருப்பித்த சின்னத் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், சமப்படுத்தினால் இடையில் வாய்க்கால் ஓடும்.

திரைக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி. பஸ்ஸில் மடியில் வைத்த பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி அழுத்தினாலே உள்ளே வெடிக்கும். வெளியே கீறலே தெரியாது, பாதித் திரை மட்டும் அசையாமல் உறைந்து நிற்கும். திருத்துவதைவிடப் புதிது வாங்கலாம். வெப்ப எல்லை 35 பாகை. வன்னியில் ஆவணி வெயில் அதைத் தாண்டும், ஆகவே மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே விட்டுவிடாதீர்கள்.

கடையில் வாங்கும் மின்நூலை வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்க முடியாது. வாங்குவது வாசிக்கும் உரிமை மட்டும். 2025 பெப்ரவரியோடு, வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வயரில் வாசிப்பானுக்கு மாற்றும் வழியையும் அமேசான் மூடிவிட்டது. ஆகவே பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களையும், பக்க எண் காட்டி மேற்கோள் எடுக்க வேண்டிய இலக்கண உரைகளையும் தாளிலேயே வைத்திருங்கள். எழுத்தைப் பெருப்பித்தால் திரையில் பக்கங்கள் இடம் மாறிவிடும்.

மகளிடம் மூன்று காரியம் சொல்லுங்கள். மூடும் உறை ஒன்று சேர்த்து வாங்கட்டும். வயர் தரவும் கடத்துவதாக இருக்கட்டும்; இங்கே மலிவாகக் கிடைப்பவற்றில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், கணினிக்கு வாசிப்பான் தெரியாது. புறப்பட முதல் அங்கேயே அமேசான் கணக்கில் பதிந்து, மென்பொருளைப் புதுப்பித்து, நீங்கள் கேட்கும் முதல் பத்து நூலையும் ஏற்றிக் கொண்டு வரட்டும். அந்தப் பத்தின் பட்டியலை இன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.