மேடை ஏறிப் பார்த்த பிளம்பருக்கு நன்றி

இண்டியானாபொலிஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

1982இல் கட்டிய இண்டியானா பல்கலைக்கழக நீச்சல் அரங்கம், கூரையும் விளக்குகளும் காற்றோட்ட அமைப்பும் புதுப்பிக்கப்பட்டு, இந்த 2016 அக்டோபரில் மறுபடி திறந்திருக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் கூடவே இருந்து பார்த்தீர்கள். நேற்று மாலை என் மகள் தன் பழைய ஐந்து மீட்டர் டைவிங் மேடையிலிருந்து குதித்தாள்.

முதல் நன்றி, தமிழே அறியாத ஒரு பிளம்பருக்கு. அசையாத தண்ணீரில் குளத்தின் தரை தெரியுமே தவிர, காற்றில் சுழன்று வருபவரின் கண்ணுக்கு நீர்மட்டம் பிடிபடாது. அதனால்தான் டைவிங் குளங்களில் நீரைப் பீய்ச்சி மேற்பரப்பைக் கலைத்தபடி இருப்பார்கள். நேற்றும் நீர் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வேறு குளத்தில் பழகிவிட்டிருந்த இவள், புதிய வெளிச்சத்தில் தண்ணீர் தெரியவில்லை என்று மூன்று முறை படியிறங்கி வந்து, ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானவர்களின் பெயர்கள் உள்ள சுவரையே பார்த்தபடி நின்றாள். பயத்துக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கருவிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்த அந்தப் பிளம்பர், பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு, காலணிகளைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். அறுபது வயதிருக்கும். கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றி, முழங்கால் மடங்கக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். இறங்கி வந்து நீர் பீய்ச்சும் குழாயின் முனையை ஸ்பானரால் சற்றே திருப்பினார். மறுபடி ஏறிப் பார்த்தார். நான்காம் முறை, “இப்போது உனக்குத் தெரிகிறதா?” என்று அவளை அருகில் அழைத்துக் கேட்டார். தெரிகிறது என்றாள். கீழே வந்த பிறகுதான், உயரம் என்றால் தமக்குத் தலை சுற்றும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

விடியற்காலையில் முறை வைத்துக் காரோட்டிய பெற்றோர்க்கும், தயிர்சாதம் கட்டிக் கொடுத்த அக்காமார்க்கும், தங்கள் பயிற்சி நேரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம்விட்ட அயலூர் அணியினர்க்கும் தனித்தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நேரில் வந்து சொல்வேன். உங்கள் டிபன் டப்பாக்கள் ஏழு என்னிடமே இருக்கின்றன.

இனி அவள் “தண்ணீர் தெரியவில்லை” என்று சொன்னால், நானும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அடுத்த போட்டிக்கு அந்தப் பெரியவரை மனைவியோடு அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றார், மேடை ஏறச் சொல்லக்கூடாது என்பதுதான் நிபந்தனை.