குஸ்கோ ஓட்டுநர் அண்ணாவுக்கு நன்றி

பெரு நாட்டின் மலை நகரமான குஸ்கோவில் எங்களை ஏற்றிக்கொண்ட ஓட்டுநர் அண்ணா, மனமார்ந்த நன்றி. விமானத்தில் நேராக 3,400 மீட்டர் உயரத்துக்கு வந்திறங்கிய அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு; மேலும் ஏறினால் ஆபத்து. யாரும் கேட்காமலே, 3,700 மீட்டரில் இருக்கும் சக்சைவாமன் கோட்டை வேண்டாமென்று, குஸ்கோவைவிட 600 மீட்டர் தாழ்வான ஒல்லந்தாய்தம்போ என்ற பழைய இன்கா ஊருக்கு வண்டியைத் திருப்பினீர்கள். வழியில் வரும் சின்செரோ ஊர் குஸ்கோவைவிட உயரம் என்பதால் அங்கே நிறுத்தவே இல்லை. உருபம்பா பள்ளத்தாக்கில் இறங்கும்வரை கண்ணாடியில் அம்மாவின் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தீர்களே, அதை எப்படி மறப்பது! அன்று படி ஏறக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சைகையிலேயே சொன்னீர்கள். தெளிந்தபிறகு அம்மா படிக்கட்டு வயல்களை மெதுவாக ஏறி, சூரியக் கோயிலின் ஆறு பெருங்கற்களையும் கண்ணாரப் பார்த்தார். குஸ்கோ பக்கம் போகிறவர்கள் இந்த நன்றியை அந்த ஓட்டுநர் அண்ணாவிடம் சேர்த்துவிடுங்கள்.